பதினோராம் நிபந்தனை

பண்டாரவளை, வெலிமடை வீதி.
கீழ்வீடு, இரண்டு அறை, தனி மீட்டர்,
முற்பணம் ஆறு மாதம்.
தபால் கந்தோர் மாற்றல் கடிதம் கைப்பையில் கிடக்க
பத்து நிபந்தனை வரைக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தேன்:
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது,
கருவாடு பொரித்தால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும்,
இரவு பத்துக்குப் பிறகு கேற் பூட்டு.
பதினோராவதில் விரல் நின்றது.

“ரொட்வைலர், பிட்புல், டோபர்மன், அல்சேஷன்,
மேற்படி இரத்தம் கலந்த எதுவும்
வளவுக்குள் அனுமதிக்கப்படமாட்டாது.”

வைரவநாதன் ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
“நாய் வச்சிருக்கிறீங்களோ பிள்ளை?
என்ன சாதி?”

ஒரு கணம்
முதுகு தானாக நிமிர்ந்தது. பழக்கம்.
நாயைத்தான் கேட்டார்.

அவருக்குப் பின்னால் கலண்டரில்
வைரவர் சூலத்தோடு நின்றார்,
பக்கத்தில் வாகனம், நாக்கைத் தொங்கவிட்டபடி.
அது என்ன சாதியென்று அச்சகத்தில் யாரும் போடவில்லை.
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் சாரத்தை முழங்கால் வரை தூக்கிவிட்டார்.
கெண்டைக்காலில் நாலு பள்ளம்.
போன வாடகைக்காரரின் ரொட்வைலர், பதினாலு தையல்.
“காஸ் கொண்டுவந்த பொடியன்ர கையைக் கவ்விப்போட்டுது.
இழுக்கப் போனன்.”
அதற்குப் பிறகு எனக்குக் கலண்டர் ஞாபகம் வரவில்லை.

பொய் சொல்லியிருக்கலாம்.
ஆனால் கட்டையன்
பொய்க்குள் அடங்காத தலையோடு வளர்ந்துவிட்டான்.
தாய், கீழ் டிவிஷன் ஆறாம் லயத்துச் செவலை.
தகப்பன், துரை பங்களாவில் சங்கிலியில் கிடந்தது:
கறுப்பு, தேன்நிறப் புருவம்.
ஒரு அடைமழை இரவு சங்கிலி அறுந்தது.
வேலிக்கு இந்தப் பக்கம் பிறந்த ஐந்தையும்
பங்களாவிலிருந்து யாரும் கேட்டு வரவில்லை.
இப்படிப் பிறப்பது எங்கள் தோட்டத்துக்கு
நாயோடு தொடங்கியதல்ல.
அது வேறு கதை. பூனைக்கண் பெரியப்பா உயிரோடிருந்தவரை
அவர் முன்னால் யாரும் சொன்னதில்லை.

“மிருக வைத்தியரிட்ட ஒரு கடிதம் எடுங்கோ,
பாப்பம்.”

மறுநாள், பதுளை.
எனக்கு முன் ஒரு ஆடு, ஒரு கூடை கோழி.
டொக்டர் ரிஸ்மியா அவன் உதட்டை விலக்கிப் பார்த்தார்,
காதை மடித்துப் பார்த்தார்.
அவன் கையுறையை நக்கினான்.
படிவத்தில் ‘இனம்’ என்ற இடத்துக்கு வந்து
பேனை நின்றது.

அந்த இடம் எனக்குத் தெரியும்.
என் பிறப்புப் பத்திரத்திலும் அதே சொல், அதே இரண்டு புள்ளி,
எதிரே ‘இந்தியத் தமிழர்’.
நான் இந்தியாவைக் கண்டது
டிவியில், கிரிக்கெட் நடக்கும் நாட்களில்.

டொக்டர் என்னைப் பார்த்தார்,
கட்டையனைப் பார்த்தார்,
எழுதினார்:
உள்ளூர்.

முத்திரை குத்தி, ஊதிக் காயவைத்து,
நூற்றைம்பது ரூபாய்.

இந்த ஒரு சொல்லுக்குப் பூட்டன்
கச்சேரி வாசலில் எத்தனை நாள் பேரை இழந்து நின்றாரோ.
பற்றுச்சீட்டை மடித்து வைத்துக்கொண்டேன்.

வைரவநாதன் ஐயா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.
“ஆள் பெரிசா இருக்கிறானே, உள்ளூருக்கு.”
“தோட்டத்து ரொட்டி ஐயா.”
சிரித்தார்.
சிரித்துக்கொண்டே தழும்புக் காலைக்
கதிரைக்குப் பின்னால் எடுத்துக்கொண்டார்.
நான் சங்கிலியைக் கையில் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினேன்.
கடிதத்தில் இருப்பதையும் இல்லாததையும்
இனி நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஆட்களில் இன்றுவரை எவர் பேரிலும்
ஒரு பேர்ச் காணிக்கு உறுதி எழுதப்பட்டதில்லை.
கட்டையன் கேற் தூணை மோந்தான்.
ஒரு தரம் சுற்றி வந்து,
காலைத் தூக்கி,
நிதானமாக எழுதினான்.

மழைக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது.